சுவருக்கு அப்பால் ஒரு நாற்காலி



எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது அம்மாவின் சங்கிலி அடகுக்கடையில் முழுகிப்போனது. வட்டி ஏறிக்கொண்டே போயிற்று, தவணையும் கடந்துவிட்டது. அன்று சாயங்காலம் அம்மா வெறுங்கழுத்தோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதே மாதத்தில்தான் நான் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் படித்தேன். ஆங்கிலப் பிரதி. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு நான்கு முறை அதைப் புரட்டிக்கொண்டு படித்தேன். அல்யோனா இவானோவ்னா என்ற கிழவி பீட்டர்ஸ்பர்க் நகரில் அடகு பிடித்து வட்டி வாங்குகிறாள். கதைநாயகன் ரஸ்கோல்நிகோவ் கோட்டுக்குள் கோடரியை மறைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறுகிறான். நானும் கூடவே ஏறினேன். அவன் கை ஓங்கியபோது எனக்குள் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. தீயவன் ஒருவன் எதிரே வந்து நிற்பதால், குறையுள்ள மனிதன் ஒருவன் தன்னை அறிந்துகொள்ளும் கதைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட கதைகள் நிறைய உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் கண்ணாடி முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன்.

எம்.ஏ. சுசீலா அவர்களின் தமிழாக்கத்தில் இந்த நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1866-இல் ‘ரஷ்யத் தூதன்’ என்ற மாத இதழில் ஆண்டு முழுவதும் தொடராக வந்த நாவல் இது. கதை நடப்பது ஏறத்தாழ இரண்டு வாரங்கள், ஒரு கொடிய ஜூலை வெயிலில். ரஸ்கோல்நிகோவுக்கு வயது இருபத்து மூன்று. சட்டம் படித்துப் பாதியில் நின்றவன். ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில், அலமாரி போன்ற ஓர் அறை. அங்கிருந்து கிழவியின் வீட்டுக்கு எழுநூற்று முப்பது காலடி. எண்ணி வைத்திருக்கிறான். மனிதர்கள் இரண்டு வகை என்பது அவன் கொள்கை. ஒரு வகை கீழ்ப்படிவதற்கென்று பிறந்தது. மற்றது நெப்போலியனைப் போல, தேவைப்பட்டால் இரத்தத்தையும் தாண்டிப் போகும் உரிமை படைத்தது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தவன் அவன். கிழவியைக் கொல்கிறான். எதிர்பாராமல் வந்துவிட்ட அவளுடைய தங்கை லிஸவேத்தாவையும் கொல்கிறான். அவள் ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவள். எடுத்த பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்து வைக்கிறான்.

‘குற்றம்’ என்று நாம் சொல்லும் இடத்தில் ரஷ்ய மொழியில் இருக்கும் சொல்லுக்கு வேர்ப்பொருள் தாண்டிப் போவது, வரம்பைக் கடப்பது. நாவல் முழுவதும் அந்தச் சொல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. தாண்டலாமா, தாண்ட முடியுமா, தாண்டினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? முதல் இரண்டு கேள்விகளையும் ரஸ்கோல்நிகோவ் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறான். மூன்றாவது கேள்வி அவன் மனத்தில் எழவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவன் எழுந்து வந்து அவன் வாசலில் நிற்கும்வரை எழவில்லை. அந்த ஒருவன்தான் ஸ்விட்ரிகைலோவ்.

ஆனால் ஆள் வருவதற்கு முன்னால் பெயர் வந்துவிடுகிறது. முதல் பாகத்தில், கொலைக்கு முந்தைய நாளில் ஒரு காட்சி. ரஸ்கோல்நிகோவுக்கு அம்மாவிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. தங்கை துனியா ஒரு நிலக்கிழார் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனதும், அந்த வீட்டுத் தலைவன் ஸ்விட்ரிகைலோவ் அவள்மீது கண் வைத்ததும், அதனால் அந்தப் பெண் ஊரார் வாயில் விழுந்ததும் கடிதத்தில் இருக்கின்றன. படித்துவிட்டுக் கொதிப்போடு தெருவில் நடக்கிறான். வழியில் ஒரு சின்னப் பெண் தள்ளாடிக்கொண்டு வருகிறாள். யாரோ குடிக்க வைத்துக் கெடுத்துத் தெருவில் விட்டிருக்கிறார்கள். பகட்டாக உடுத்திய தடித்த மனிதன் ஒருவன் சற்றுத் தள்ளி நின்று சமயம் பார்க்கிறான். ரஸ்கோல்நிகோவ் அவனைப் பார்த்துக் கத்தும்போது, ‘ஏய் ஸ்விட்ரிகைலோவ்’ என்றுதான் கூப்பிடுகிறான். அந்தப் பெயர் அவனுக்கு ஒரு வசைச்சொல்லாக ஆகிவிட்டது. போலீஸ்காரரை அழைக்கிறான், பெண்ணை வண்டி பிடித்து வீட்டில் சேர்க்கும்படி தன் கையில் இருந்த இருபது கோபெக்கையும் கொடுக்கிறான்.

அடுத்த நிமிடம் நடப்பதைக் கவனியுங்கள். ஏதோ கொட்டியதுபோல அவன் மாறிவிடுகிறான். விட்டுவிடுங்கள், அந்த ஆள் இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகட்டும், உமக்கென்ன என்று போலீஸ்காரரிடமே சொல்கிறான். அவர் திகைத்துப் போகிறார். முதல் முறை படித்தபோது நானும் திகைத்தேன், இளைஞனின் மனக்குழப்பம் என்று நினைத்துக் கடந்துபோனேன். இப்போது அந்த இடம் வேறாகத் தெரிகிறது. ஒரே நிமிடத்துக்குள் அவன் அந்தப் பெண்ணின் அண்ணனாகவும் இருந்திருக்கிறான், அவளைத் துரத்தும் ஸ்விட்ரிகைலோவாகவும் இருந்திருக்கிறான். எவனைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி வைதானோ, அவனுடைய அலட்சியம் இவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. கொலை அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஆள் வருகிறார். ரஸ்கோல்நிகோவ் ஒரு கனவில் இருக்கிறான். கனவில் கிழவியை மறுபடி வெட்டுகிறான். அவள் சாகவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். வெட்ட வெட்டச் சிரிப்பு கூடுகிறது. வாய்விட்டுக் கத்த முயன்று விழித்துக்கொள்கிறான். கண்ணைத் திறந்தால் அறை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கனவு இன்னும் முடியவில்லையோ என்று ரஸ்கோல்நிகோவ் கண்ணை மூடிக்கொள்கிறான். வந்தவர் அவசரப்படவில்லை. காத்திருக்கிறார், உட்கார்கிறார், பிறகு தன் பெயரைச் சொல்கிறார். பாகம் அங்கே முடிகிறது.

இந்த வருகைக்கு இணையாக நான் படித்த நாவல்களில் வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை. தீயவன் பொதுவாக வெளியிலிருந்து வருவான். இவர் அவனுடைய கனவுக்குள்ளிருந்து எழுந்து வந்ததுபோல வருகிறார். வந்து கொஞ்ச நேரத்தில், நமக்குள் ஏதோ பொதுவான ஒன்று இருக்கிறது என்கிறார். ரஸ்கோல்நிகோவுக்கு உடல் கூசுகிறது, மறுக்கிறான்.

இதற்கு முன்பே அவனிடம் ஒரு கண்ணாடி நீட்டப்பட்டிருந்தது. துனியாவை மணக்க வந்த லூஷின் என்ற வக்கீல் முதல் சந்திப்பிலேயே, ஒவ்வொருவரும் தன் நலனைப் பார்த்துக்கொண்டால் சமூகம் தானாக உயரும் என்று பேசுகிறார். உம்முடைய தத்துவத்தைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் ஆளை வெட்டலாம் என்று வந்து நிற்கும் என்று ரஸ்கோல்நிகோவ் பாய்கிறான். சரியாகத்தான் பார்க்கிறான். ஆனால் லூஷினின் முகத்தில் அவன் கண்டது லூஷினை மட்டுமே. வெறுத்து விரட்டிவிட முடிந்த பகைவனிடம் நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஸ்விட்ரிகைலோவை அவனால் விரட்ட முடியவில்லை. கடைசியில் தானே தேடிக்கொண்டு போகிறான்.

யார் இந்த மனிதர்? வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பெரிய இடத்துப் பழக்கம், நல்ல உடை. முகம் மட்டும் முகமூடிபோல இருக்கிறது. வெள்ளைத் தோல், சிவந்த உதடு, அளவுக்கு மிஞ்சிய நீலக் கண். இளமையில் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைத்தவர். கடனுக்காகச் சிறைப்பட்டுக் கிடந்தவரை மார்ஃபா பெத்ரோவ்னா என்ற பணக்காரி முப்பதாயிரம் ரூபிள் கட்டி மீட்டுக் கணவனாக்கிக்கொண்டாள். அவள் இப்போது செத்துவிட்டாள். அவர்தான் காரணம் என்று பேச்சு. பணியாள் ஒருவன் தூக்கு மாட்டிக்கொண்டதற்கும் அவர்தான் காரணம் என்கிறார்கள். ஒரு சிறுமியின் சாவைப் பற்றியும் வதந்தி இருக்கிறது. எது உண்மை என்று தஸ்தயேவ்ஸ்கி உறுதியாகச் சொல்வதே இல்லை. இறந்த மனைவி அவர் முன் ஆவியாக வருகிறாள். பயமுறுத்த வரவில்லை, சாப்பாட்டு அறைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டீர்களே என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இந்த மனிதருக்கு ஒரு மூலம் உண்டு. தஸ்தயேவ்ஸ்கி 1849 டிசம்பரில் மரண தண்டனை மேடையில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் மன்னிக்கப்பட்டு, சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கடுங்காவல் அனுபவித்தவர். அங்கே அரிஸ்தோவ் என்ற கைதியைப் பார்த்தார். நல்ல குடும்பம், படிப்பு, அழகு, அறிவு எல்லாம் உடையவன். தன் கேளிக்கைக்குப் பணம் வேண்டுமென்பதற்காக ஒன்றும் அறியாதவர்களை அரசத் துரோகிகள் என்று காட்டிக்கொடுத்தவன். சிறையிலும் அதிகாரிகளுக்கு ஒற்றனாக இருந்தான். திருடர்களையும் கொலைகாரர்களையும் பற்றிப் பரிவோடு எழுதிய தஸ்தயேவ்ஸ்கிக்கு இந்த ஒருவனிடம் மட்டும் பரிவு பிறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இந்த நாவலுக்காக வைத்திருந்த குறிப்பேடுகளில் ஸ்விட்ரிகைலோவை அந்தக் கைதியின் பெயர்ச் சுருக்கத்தால்தான் குறித்து வந்தார். ஆனால் நாவல் வளர வளர, வெறுத்த மனிதனுக்கு அவர் துக்கத்தையும் கொடுத்துவிட்டார். எழுத்தாளர் செய்யக்கூடிய தருமங்களில் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்விட்ரிகைலோவின் நோய் சலிப்பு. எதையும் தாண்டிவிட்டவருக்குத் தாண்ட இனி ஒன்றும் மிச்சமில்லை. யூசுபோவ் தோட்டத்திலிருந்து ஒருவர் பெரிய பலூனில் ஏறிப் பறக்கப்போகிறாராமே, காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றிக்கொள்கிறாராமே என்று கேட்கிறார். போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்ற தொனியில் கேட்கிறார். ரஸ்கோல்நிகோவின் கொள்கைப்படி வரம்பைக் கடந்தவன் நெப்போலியனாக இருக்க வேண்டும். கடந்து போய் அங்கேயே குடியிருப்பவர் வந்து காட்டிய முகமோ, பொழுது போகாத ஒரு நடுவயது மனிதருடையது.

அந்த முதல் சந்திப்பில்தான் மறுமையைப் பற்றிய பேச்சு வருகிறது. நித்தியம் என்றால் ஏதோ பிரமாண்டம் என்று ஏன் நினைக்க வேண்டும், கிராமத்துக் குளியலறை மாதிரி கரி படிந்த ஒரு சின்ன அறையும் மூலைக்கு மூலை சிலந்தியுமாக இருந்துவிட்டால் என்ன என்கிறார் ஸ்விட்ரிகைலோவ். ரஸ்கோல்நிகோவ் வேதனையோடு கேட்கிறான்: இதைவிட ஆறுதலான, இதைவிட நியாயமான ஒன்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? இரண்டு பெண்களை வெட்டியவன் வாயிலிருந்து நியாயம் என்ற சொல் வருகிறது. நாட்கணக்காக மூடிக்கிடந்த ஏதோ ஒன்று அவனுக்குள் அசைவது அங்கேதான். அன்பு காட்டியவர்கள் யாரும் அதை அசைக்கவில்லை, வறண்டுபோன ஒருவரின் கற்பனையைக் கண்ட அருவருப்பு அசைத்துவிட்டது.

சிலந்தி அத்தோடு போகவில்லை. ஐந்தாம் பாகத்தில் ரஸ்கோல்நிகோவ் சோனியாவிடம் போய்க் கொலையை ஒப்புக்கொள்கிறான். சோனியா, குடியால் கெட்ட மர்மெலாதோவின் மகள். சிற்றன்னையையும் அவளுடைய மூன்று குழந்தைகளையும் காப்பாற்ற உடலை விற்றவள். அவளிடம் தன் பழைய நாட்களைச் சொல்லும்போது, சிலந்தியைப் போல என் மூலையில் ஒண்டிக்கிடந்தேன் என்கிறான். இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு, அந்தச் செயலுக்குப் பிறகு நான் வாழ்நாள் முழுவதும் சிலந்தியாக எல்லோரையும் வலையில் பிடித்து உயிரை உறிஞ்சியிருப்பேனோ என்னவோ என்கிறான். ஸ்விட்ரிகைலோவுடன் நடந்த அந்தச் சந்திப்பை அவன் எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் அன்று கேட்ட அறை இப்போது அவனுடைய அறையாகிவிட்டது. மூலையில் இருப்பது யார் என்றும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை நாவலை எடுக்கும்போது இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவன் அதைச் சொல்லும்போது ஸ்விட்ரிகைலோவ் எங்கே இருந்தார் தெரியுமா? கதவுக்கு அந்தப் பக்கத்தில். சோனியாவின் அறையை ஒட்டிய வீட்டில்தான் அவர் வாடகைக்கு இருக்கிறார். நடுவில் ஒரு காலி அறை, பூட்டிய ஒரு கதவு. ரஸ்கோல்நிகோவ் முதல் முறை வந்தபோதே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். கால் வலித்தது. அடுத்த முறை சௌகரியமாகக் கேட்க வேண்டுமென்று ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கதவருகே போட்டுக்கொண்டார். ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் சொன்ன மிகப் புனிதமான வார்த்தைகளுக்கு இரண்டு செவிகள் கிடைத்தன. ஒன்று சோனியாவுடையது, மற்றது நாற்காலியில் இருந்தவருடையது.

சோனியாவின் சிற்றன்னை கத்தரீனா இவானோவ்னா இறக்கும் காட்சி அதை அடுத்து வருகிறது. ஸ்விட்ரிகைலோவ் அங்கே வந்து நிற்கிறார். ஈமச் செலவை நான் ஏற்கிறேன், குழந்தைகளை நல்ல இடத்தில் சேர்த்து ஒவ்வொருவர் பெயரிலும் ஆயிரத்து ஐந்நூறு ரூபிள் போடுகிறேன் என்கிறார். இதே குடும்பத்தில் முன்பு ஒரு சாவு விழுந்தபோது அம்மா அனுப்பிய பணத்தில் எஞ்சியதை எடுத்துக் கொடுத்தவன் ரஸ்கோல்நிகோவ். ஒரே வீட்டுச் சாவுக்குக் கொலைகாரன் ஒருமுறையும், கெட்டவர் என்று பெயர் எடுத்தவர் ஒருமுறையும் கை நீட்டுகிறார்கள். எதற்காக இந்தத் தாராளம் என்று ரஸ்கோல்நிகோவ் சந்தேகத்தோடு கேட்கிறான். அப்போது ஸ்விட்ரிகைலோவ் பதில் சொல்கிறார். கத்தரீனா இவானோவ்னா அந்த அடகுக் கிழவிபோலப் பூச்சி இல்லையே என்கிறார், குழந்தைகள் என்ன ஆவார்கள் என்கிறார். எல்லாம் ரஸ்கோல்நிகோவ் சோனியாவிடம் மூடிய அறையில் சொன்ன வார்த்தைகள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, அவனிடமே திருப்பிச் சொல்கிறார். ரஸ்கோல்நிகோவ் வெளிறிப்போகிறான்.

மாட்டிக்கொண்டோம் என்ற பயம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பயமும் இருக்கிறது. ஆனால் அதைவிட ஆழமாக ஒன்று நடக்கிறது. அந்த வார்த்தைகள் அவன் வாயில் இருந்தபோது தத்துவமாக இருந்தன, துன்பமாக இருந்தன. இன்னொருவர் வாயில் அவை வெறும் வழவழப்பாக ஆகிவிட்டன. சொல் ஒன்றுகூட மாறவில்லை.

இதை நான் நூலில் மட்டும் படித்தவன் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் ஈவிரக்கமில்லாதவர். அவரை நான் மனதார வெறுத்தேன். கீழ்நிலையில் வயதான ஊழியர் ஒருவர் இருந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் அடிக்கடி தாமதமாக வருவார், அவர் வேலை என் தலையில் விழும். ஒரு நாள் எரிச்சலில் நண்பர் ஒருவரிடம், ‘அந்த ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன’ என்று சொல்லிவிட்டேன். சில வாரங்கள் கழித்து அந்த மேலதிகாரி அந்த ஊழியரை நிறுத்தப்போவதாக எங்கள் முன்னால் அறிவித்தார். அறிவித்துவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தபடி, நான் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போயிற்று. அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கண்ணாடி என் முகத்தை எனக்குத் தெளிவாகவே காட்டிவிட்டது. ஆனாலும் நான் நகரவில்லை. அதனால்தான், தீயவன் கண்ணாடியாக இருந்து நாயகனைத் திருத்துகிறான் என்று யாராவது எளிதாகச் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கண்ணாடி காட்டும், கைபிடித்து அழைத்துப் போகாது.

ஆறாம் பாகத்துச் சாராயக்கடைக் காட்சிக்கு வருகிறேன். ரஸ்கோல்நிகோவ் ஏனென்று தெரியாமலே வைக்கோல் சந்தைப் பக்கம் போகிறான், தலை நிமிர்ந்து பார்த்தால் கடை ஜன்னலில் ஸ்விட்ரிகைலோவ் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முன்பு விசாரணை அதிகாரி போர்பிரி பெத்ரோவிச் வந்து, கொன்றது நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குற்றவாளி என்பது வெளிப்பட்டுவிட்டது, ஆனால் ரஸ்கோல்நிகோவ் அசையவில்லை. தன்னுடைய தவறு பலவீனத்தில் இருக்கிறதே தவிரக் கொள்கையில் இல்லை என்றே இன்னும் நினைக்கிறான். இந்த நிலையில் ஸ்விட்ரிகைலோவிடம் போய், கதவில் காது வைத்துக் கேட்பது இழிவு என்று கோபப்படுகிறான். அவர் சொல்லும் பதில் அவன் கொள்கையின் நடுமுதுகை ஒடிக்கிறது. ஒட்டுக் கேட்கக் கூடாது, ஆனால் கிழவிகளைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்துக் கொல்லலாம் என்று நம்புகிறாயா? அப்படியானால் சீக்கிரமாக எங்காவது அமெரிக்காவுக்கு ஓடிப்போய்விடு என்கிறார்.

போர்பிரி இதைச் சொல்லியிருக்க முடியாது, அவர் சட்டத்தின் பக்கம் நிற்பவர். சோனியா சொல்லியிருக்க முடியாது, அவளுக்கு இப்படிப் பேசத் தெரியாது. ஒழுக்கத்தில் மிச்சம் வைத்துக்கொண்டு ஒழுக்கத்தைத் தாண்டினேன் என்று பெருமை பேசாதே என்று சொல்ல, எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாத ஒருவர்தான் தேவைப்பட்டார். ரஸ்கோல்நிகோவ் முழுக் கெட்டவனாக முடியாமல் தவிப்பதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தோல்விதான் அவனிடம் மிஞ்சியிருந்த மனிதம் என்பது எதிரே இருந்தவரைப் பார்க்கும்போதுதான் தெரிய வருகிறது. அந்த மனிதர் பதினாறு வயதுகூட நிரம்பாத பெண்ணைத் தனக்கு நிச்சயம் செய்திருப்பதைச் சுவைத்துச் சுவைத்துச் சொல்கிறார். ரஸ்கோல்நிகோவுக்குக் குமட்டுகிறது. அந்தக் குமட்டலை நான் மதிக்கிறேன்.

இதற்குப் பிறகு தஸ்தயேவ்ஸ்கி செய்வதுதான் எனக்கு இன்றும் வியப்பு. கண்ணாடி தன் வேலையை முடித்துவிட்டது, தூக்கி எறிந்திருக்கலாம். அவரோ நாயகனைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தீயவருக்குப் பின்னால் பல பக்கங்கள் நடக்கிறார்.

ஸ்விட்ரிகைலோவ் துனியாவைத் தன் அறைக்கு வரவழைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார். உன் அண்ணன் கொலைகாரன், நான் நினைத்தால் காப்பாற்றுவேன் என்கிறார். அவள் கைத்துப்பாக்கியை எடுக்கிறாள். முதல் குண்டு அவர் நெற்றிப்பொட்டை உரசிப் போகிறது. அடுத்தது வெடிக்கவில்லை. சரியாகக் குண்டைப் போட்டுக்கொள், காத்திருக்கிறேன் என்று அவர் நிற்கிறார். அவளோ துப்பாக்கியை எறிந்துவிடுகிறாள். கொல்வதற்கு எல்லா நியாயமும் இருந்தும் அவள் வரம்பைத் தாண்டவில்லை, அண்ணன் தாண்டியதைத் தங்கை தாண்டவில்லை. அவர் அவளை அணைத்தபடி, என்மேல் உனக்கு அன்பு இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்று தலையசைக்கிறாள். எப்போதும் வராதா? வராது. அவர் கையை விடுகிறார், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சாவியை மேசைமேல் வைக்கிறார். சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்விடு என்கிறார்.

அங்கே அவருக்கும் ஒரு கண்ணாடி நீட்டப்பட்டது. அதில் தெரிந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

அன்று இரவு இடியும் மழையும். ஸ்விட்ரிகைலோவ் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மட்டமான விடுதியில் இடுக்கு அறையில் படுக்கிறார். கனவில் எலி மேலே ஓடுகிறது. பூக்களுக்கு நடுவே சவப்பெட்டியில் ஒரு சிறுமி கிடக்கிறாள், தண்ணீரில் விழுந்து செத்தவள். பிறகு நடைபாதை மூலையில் குளிரில் அழும் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிவந்து படுக்கவைத்துப் போர்த்துகிறார். போர்வைக்குள்ளிருந்து குழந்தையின் முகம் மாறி, கெட்டுப்போன பெண்ணின் முகமாக அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. அவர் நடுங்கிப் போகிறார். உலகத்தில் எதைப் பார்த்தாலும் தன் முகமே திரும்பித் தெரியும் நிலைக்கு வந்துவிட்டார். விடியும் நேரத்து மூடுபனியில் காவல் நின்ற ஒருவன் முன்னால் போய், கேட்டால் அமெரிக்கா போய்விட்டான் என்று சொல் எனச் சொல்லிவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறார்.

அதே இரவில், அதே மழையில், ரஸ்கோல்நிகோவும் நகரத்தில் அலைந்துகொண்டிருந்தான். ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தான். ஒரே முடிவை நோக்கி இருவர் நடந்த இரவு அது, ஒருவருக்கு மற்றவர் நடப்பது தெரியாது. நாவலைத் திட்டமிட்ட நாட்களில் ரஸ்கோல்நிகோவ் தன்னைச் சுட்டுக்கொள்வதாக முடிக்கலாம் என்றுகூடத் தஸ்தயேவ்ஸ்கி குறித்து வைத்திருந்தார். அந்த முடிவை அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ரஸ்கோல்நிகோவ் தாயிடம் விடைபெற்று, சோனியாவிடம் மரச்சிலுவை வாங்கி அணிந்துகொண்டு, சந்தை நடுவில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறான். அங்கே அதிகாரி ஒருவர் வம்பளந்துகொண்டே, ஸ்விட்ரிகைலோவ் என்று ஒருவர் இன்று காலை சுட்டுக்கொண்டு செத்தாராம் என்கிறார். ஏதோ ஒன்று மேலே விழுந்து அழுத்துவதுபோல ஆகிவிடுகிறது ரஸ்கோல்நிகோவுக்கு. ஒன்றும் சொல்லாமல் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் படியிறங்குகிறான்.

ஏன் இறங்கினான்? இனிப் பயமில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. சாட்சி போய்விட்டது, போர்பிரியிடம் கெட்டியான தடயம் இல்லை, தப்பித்துவிடலாம். அந்தக் கணக்கும் அவன் மனத்தில் ஓடியிருக்கும். ஆனால் நான் அந்தப் படிகளில் வேறொன்றையும் பார்க்கிறேன். கண்ணாடியில் இருந்தவர் விழுந்துவிட்டார். அவர் போன வழி இப்போது திறந்து கிடக்கிறது. அவன் அந்த வழியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறான். முற்றத்துக்கு வருகிறான். வாசலுக்குப் பக்கத்தில் சோனியா நிற்கிறாள், முகத்தில் இரத்தமில்லை. ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் சேர்த்துக்கொள்கிறாள். அவன் கோணலாகச் சிரிக்கிறான். சற்று நிற்கிறான். மறுபடி படியேறிப் போய் ஒப்புக்கொள்கிறான்.

என் அலுவலகத்துப் படிகளைப் பலமுறை நினைத்துக்கொள்கிறேன். அன்று கீழே முற்றத்தில் யாராவது நின்றிருந்தால் நான் திரும்பி ஏறியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

குறிப்பேட்டில் தஸ்தயேவ்ஸ்கி ஸ்விட்ரிகைலோவை விரக்தி என்றும், சோனியாவை நம்பிக்கை என்றும் எழுதி, ரஸ்கோல்நிகோவ் இந்த இருவரையுமே பற்றிக்கொண்டான் என்றும் குறித்திருக்கிறார். வாசகர்கள் பெரும்பாலும் சோனியாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். சைபீரியச் சிறையில் ரஸ்கோல்நிகோவ் அப்படி மறந்துவிடவில்லை. எட்டு வருடத் தண்டனையின் முதல் வருடத்தில், இன்னும் மனம் திரும்பாத நாட்களில், அவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: அன்று ஆற்றங்கரையில் நான் ஏன் சாகவில்லை, சாவுக்கு அவ்வளவு பயந்த ஸ்விட்ரிகைலோவ் அதைத் தாண்டினாரே, எனக்கு மட்டும் உயிர்மேல் இவ்வளவு ஆசையா? வெட்கத்தோடு கேட்கிறான். விடை அவனுக்கு அப்போது பிடிபடவில்லை. உயிர்மேல் இருந்த அந்த ஆசைதான் பிற்பாடு, ஆற்றங்கரையில் சோனியாவின் காலடியில், அவனைப் புது மனிதனாக்கப்போகிறது.

சோனியா அங்கே எப்படி வந்தாள்? கையில் காசில்லாத பெண், கைதிகளோடு சைபீரியா வரை போவதென்றால் சும்மாவா? மழை இரவில் நனைந்துகொண்டு அவள் அறைக்கு வந்த ஸ்விட்ரிகைலோவ் மூவாயிரம் ரூபிளுக்குப் பத்திரங்களை அவள் கையில் வைத்தார். எனக்கு எதற்கு என்று அவள் தயங்கினாள். ரஸ்கோல்நிகோவுக்கு இனி இரண்டு வழிதான், ஒன்று நெற்றியில் குண்டு, இன்னொன்று சைபீரியா என்றார் அவர். சைபீரியா என்றால் நீ பின்னால் போவாய், அப்போது பணம் வேண்டும், வைத்துக்கொள் என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் மழைக்குள் இறங்கிப் போனார். முதல் வழியைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது வழிக்கு வண்டிச்சத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.